500 ஏக்கர் உச்சவரம்பு!

கேள்வி: தெலங்கானா விவசாயிகள் போராட்டமே கம்யூனிஸ்டுகள் தூண்டிவிட்டதுதான் என்கிறார் நண்பர். அப்படியா?

பதில்: கட்சி வழிநடத்தியது உண்மை, அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் கட்சி வந்து சொல்லித்தான் அவர்களுக்கு வயிறு காய்வது தெரிந்ததா? அன்று தெலங்கானா அடங்கியிருந்த நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு நிலம் நிஜாமின் சொந்தச் சொத்து, இன்னொரு பெரும்பங்கு அவரிடம் மானியமாக நிலம் பெற்ற ஜாகிர்தார்களிடம், மிச்சத்திலும் வரி வசூலிக்க வந்த தேஷ்முக்குகள் வளைத்துப் போட்டது ஏராளம். விஸ்னூர் தேஷ்முக் ராமச்சந்திர ரெட்டி ஒருவருக்கே சுமார் 40,000 ஏக்கர். போதாததற்குக் கூலியே கொடுக்காமல் கட்டாயமாக வாங்கிய வெட்டி வேலை வேறு.

பாலகுர்த்தியில் சாகலி ஐலம்மா, துணி வெளுக்கும் குடும்பத்துப் பெண், குத்தகைக்கு 4 ஏக்கர் எடுத்துப் பயிர் வைத்தார். கதிர் முற்றியதும் தேஷ்முக் ஆட்களை ஏவி அறுத்துவரச் சொன்னார். சங்கத்துக்காரர்கள், அதாவது கட்சி வழிநடத்திய ஆந்திர மகாசபைக்காரர்கள், அவர்களை விரட்டிவிட்டு, விளைச்சலை ஐலம்மா வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 40,000 ஏக்கர்காரருக்கு அந்த 4 ஏக்கர் தானியம் எதற்கு? வெளுக்கிற வீட்டுப் பெண் தலைநிமிர்ந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம் 1946 ஜூலை 4, கடவெண்டியில் ஊர்வலம் போனவர்கள்மீது தேஷ்முக்கின் ஆட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா இறந்தார். அதன்பிறகு ஊர் ஊராகப் பற்றிக்கொண்டது.

கேள்வி: சரி, கடைசியில் நிலம் கிடைத்ததா?

பதில்: சுமார் 3,000 கிராமங்களில் 10 லட்சம் ஏக்கர் பிரித்துக் கொடுத்தோம் என்பது கட்சியின் கணக்கு. ஆனால் என்னை உலுக்குவது வேறொன்று. ஒரு நிலக்கிழார் இவ்வளவுதான் வைத்துக்கொள்ளலாம் என்று சங்கம் முதலில் வைத்த உச்சவரம்பு 500 ஏக்கர்! பிறகுதான் 200, 100 என்று இறங்கியது. நீங்கள் 500 வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைக் கொடுங்கள் என்று கேட்டவர்களைத்தான் நிஜாம் ஆட்சிக்கு ஆதரவான ஆயுதப்படையான ரஜாக்கர்களும் நிஜாம் போலீசும் சுட்டுத் தள்ளினார்கள்.

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்து நிஜாம் ஆட்சி முடிந்தது. ஊரைவிட்டு ஓடியிருந்த நிலக்கிழார்கள் அதன் பின்னாலேயே திரும்பிவந்து, பல இடங்களில் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1951 அக்டோபரில் கட்சி போராட்டத்தைக் கைவிட்டது. ஆனாலும் பழைய வெட்டி முறையை நிலக்கிழார்களால் மறுபடி கொண்டுவர முடியவில்லை. 1949இல் ஜாகிர்கள் ஒழிந்தன, 1950இல் குத்தகைதாரர்களுக்குச் சட்டம் வந்தது. 1951 ஏப்ரலில் போச்சம்பள்ளியில் காந்தியவாதி வினோபா பாவே நிலமில்லாதவர்களுக்காகக் கேட்டதும் நிலக்காரர் ஒருவர் 100 ஏக்கர் கொடுக்க, நிலத்தைத் தானமாகக் கேட்கும் பூதான இயக்கம் பிறந்ததே, அந்த ஊரும் போராட்டம் நடந்த அதே நல்கொண்டா மாவட்டத்தில்தான் இருந்தது. முந்தைய ஐந்து வருடத்தை விட்டுவிட்டு அந்தக் கொடையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.