மருத்துவமனையில் படிக்கிறார், வீட்டில் படிப்பதில்லை: உருப்பெருக்கிப் பயிற்சி பற்றி

உருப்பெருக்கியை மாற்ற வேண்டாம். பயிற்சி தரும் இடத்தை மாற்றுங்கள். குடியாத்தத்தில் உங்கள் மாணவச் சிகிச்சையாளர்களிடம் உருப்பெருக்கியைக் கொண்டு சரளமாகப் படித்துக்காட்டும் பார்வை குறைந்த முதியவர்கள் வீட்டில் அதைத் தொடுவதே இல்லை என்கிறீர்கள். பெரும்பாலும் வெளிச்சக் குறைவே காரணமாக இருக்கும். வேலூர் வெயிலுக்கு அஞ்சிச் சன்னல்களைச் சாத்திவைக்கும் நம் வீடுகளில் பகல் 11 மணிக்கே இருட்டுதான்.

ஒரு மாணவரை ஒரு வீட்டுக்கு அனுப்பி, அந்தப் பெரியவர் வழக்கமாக அமரும் இடத்திலேயே, அவருடைய மாத்திரை அட்டையைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, விளக்குக்கும் தாளுக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்குங்கள். தாளில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 4 மடங்காகும். இப்போது படித்துவிட்டால் காரணம் உறுதி.

அப்போதும் முடியவில்லையென்றால், உருப்பெருக்கியைத் தாளிலிருந்து பிடிக்கும் தூரத்தைக் கவனியுங்கள். 100-ஐ டயாப்டர் (வில்லையின் திறனைக் குறிக்கும் அலகு) எண்ணால் வகுத்தால் சென்டிமீட்டரில் தூரம் கிடைக்கும்: 10 டயாப்டருக்கு 10, 20 டயாப்டருக்கு 5. கை நடுங்குபவரால் இந்தத் தூரத்தைக் காக்க இயலாது. அவருக்குத் தாங்கியுடன் கூடிய உருப்பெருக்கியே பொருந்தும். மாணவர்கள் இதைப் பாடமாக அறிந்திருந்தும், மங்கலாக்கிய கண்ணாடியைத் தாங்களே அணிந்து அரை மணி நேரம் படித்துப் பார்க்கும்வரை உணர்வதில்லை என்பது என் எண்ணம்.

கண்புரை உள்ளவருக்குக் கூடுதல் வெளிச்சம் கூச்சத்தையே தரலாம். நேர்கோடுகள் திடீரென வளைந்து தெரிவதாக ஒருவர் சொன்னால், பயிற்சியை நிறுத்தி, தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.