நாகர்கோவிலில் செவிலியர்களுக்கு ஜெர்மன் கற்பிக்கும் மையம் நடத்துகிறோம்; ஆசிரியர்கள் ஓராண்டுகூட நிலைப்பதில்லை. என்ன செய்யலாம்?

மார்த்தாண்டத்தில் இதே போன்ற ஒரு பயிற்சி மையத்தில் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே பதில் எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் பெரும்பாலான மையங்கள், போகப் போகிறவரைத்தான் ஆசிரியராக எடுக்கின்றன. பி2 (ஏ1, ஏ2, பி1, பி2, சி1 எனப் படிப்படியாக உயரும் மொழி நிலைகளில் நான்காவது) தேர்ச்சி பெற்று விசாவுக்காகக் காத்திருக்கும் செவிலியரோ, முதுகலைச் சேர்க்கைக்காகக் காத்திருக்கும் பொறியியல் பட்டதாரியோ, இடைப்பட்ட மாதங்கள் வீணாகாமல் இருக்கட்டும் என்று வகுப்பெடுக்க வருகிறார். குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்கிறார் என்பதால் நிர்வாகத்துக்கும் வசதியாக இருக்கிறது. விசா கைக்கு வந்ததும் அவர் புறப்படுவதைக் குறை சொல்ல முடியாது. இந்தியத் திறன் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மனி 2024-இல் அறிவித்திருக்கும் நிலையில், இந்தப் போக்கு குறையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வெளிநாடு போகாதவர்களையும் பக்கத்திலிருக்கும் திருவனந்தபுரம் ஈர்த்துக்கொள்கிறது. மார்த்தாண்டத்தில் பேருந்து ஏறினால் காலை வகுப்புக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

இதனால் ஏற்படும் இழப்பை மாணவர்கள்தான் சுமக்கிறார்கள். ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுத்தாக வேண்டும். வாசிப்பதையும் கேட்பதையும் ஓரளவு சொந்த முயற்சியில் தேற்றிக்கொள்ளலாம். எழுத்தும் பேச்சும் அப்படியல்ல. மாணவி எங்கே தடுமாறுகிறாள் என்று அறிந்த ஒருவர் தொடர்ந்து உடனிருக்க வேண்டும். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் மகளோ, குளச்சல் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண்ணோ, கல்விக் கடனில் நர்சிங் முடித்துவிட்டு மேலும் கடன் வாங்கி நம்மிடம் வருகிறாள். அவளுக்கு ஒரே நிலையில் மூன்று ஆசிரியர்களை மாற்றிக் கொடுப்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

போக வேண்டிய அவசியம் இல்லாத ஆசிரியர்களும் விலகுவதற்குச் சம்பளக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். பி1 எழுத்துத் தேர்வில் மூன்று பணிகள்: நண்பருக்கு ஏறத்தாழ 80 சொற்களில் மின்னஞ்சல், ஒரு விவாதத்தில் 80 சொற்களில் கருத்து, 40 சொற்களில் முறையான சிறு மின்னஞ்சல். 25 பேர் உள்ள வகுப்பில் வாரம் ஒரு முறை இதை எழுத வைத்தால், ஆசிரியர் 5,000 சொற்களைத் திருத்த வேண்டும். ‘மிட் டேம் பட்ஸியென்டன்’ (நோயாளியுடன்) என்று வர வேண்டிய இடத்தில் ‘மிட் டேர் பட்ஸியென்ட்’ என்று எழுதியவளுக்குச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்தால் போதாது. ‘மிட்’ என்ற முன்னிடைச்சொல்லை அடுத்து வேற்றுமை மாறுவதையும், அந்தப் பெயர்ச்சொல்லே ஈறு ஏற்பதையும் ஓரத்தில் எழுதிக் காட்டினால்தான் அடுத்த வாரம் அந்தத் தவறு வராது. ஒரு தாளுக்கு எட்டு நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வகுப்பறையில் நின்ற மணிக்கு மட்டும் சம்பளம் கொடுக்கும் மையங்களில் இந்த உழைப்புக்குக் கூலியே இல்லை. ஆகவே மாதச் சம்பளமாகக் கொடுங்கள், வகுப்பு வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், திருத்தும் நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிடுங்கள்.

சில இடங்களில் ஆசிரியர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஒப்பந்தக் காலம் முடியாமல் தருவதில்லை. இதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அது ஒருவருடைய பிழைப்பைப் பிணையாக வைப்பது. மனமில்லாமல் நிற்பவர் எடுக்கும் வகுப்பால் யாருக்கும் பயனில்லை. மேலும் இது சிறிய மாவட்டம். கருங்கலில் நடப்பது மறுநாள் தக்கலையில் தெரிந்துவிடும், பிறகு நல்லவர்கள் யாரும் உங்களிடம் விண்ணப்பிக்க மாட்டார்கள்.

யாரைத் தேடுவது? ஊரில் தங்குவதற்குக் காரணம் உள்ளவர்களைத் தேடுங்கள். சென்னையிலோ கோவையிலோ ஜெர்மன் படித்துவிட்டுத் திருமணமாகி இங்கே குடியேறிய பெண்கள் இருக்கிறார்கள். குழந்தை பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு ஏற்ப வகுப்பை அமைத்துக் கொடுத்தால் அவர்கள் நிலைத்து நிற்பார்கள். இன்னொரு வழியைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கோட்டாறு, குழித்துறை, தக்கலை, மார்த்தாண்டம் என நான்கு கத்தோலிக்க மறைமாவட்டங்கள் உள்ள மாவட்டம் இது. ஜெர்மனியின் பங்குத் தேவாலயங்களிலும் மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் பணியாற்றித் திரும்பிய குருக்களும் கன்னியர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நோயாளியிடம் எப்படிப் பேசுவது, தலைமைச் செவிலியரிடம் எப்படி அறிக்கை சொல்வது என்பதெல்லாம் அவர்களுக்கு வாழ்ந்து பழகிய மொழி. தேர்வின் அமைப்பு அவர்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆகவே இலக்கணத்தையும் தேர்வுப் பயிற்சியையும் இளைய ஆசிரியரிடம் விட்டுவிட்டு, பேச்சு வகுப்பை மட்டும் இவர்களிடம் கேளுங்கள்.

ஜெர்மானியர் ஒருவரையே அமர்த்த விரும்பினால், சுற்றுலா விசாவில் வந்திருப்பவரைக் கூலிக்கு வகுப்பெடுக்க வைக்கக் கூடாது. வேலைவாய்ப்பு விசா தேவை. அந்த விசாவுக்குரிய குறைந்தபட்சச் சம்பள வரம்பிலிருந்து, ஆங்கிலம் அல்லாத மொழிகளைக் கற்பிப்பவர்களுக்கு விலக்கு உண்டு.

இருப்பவர்களை வளர்த்தெடுக்கவும் பணம் ஒதுக்குங்கள். பி2 முடித்தவர் ஏ1, ஏ2 வகுப்புகளைச் சமாளிப்பார். பி2 மாணவர்களுக்குக் கற்பிக்கச் சி1 வேண்டும். அந்தத் தேர்வுக் கட்டணத்தையும், கோதே நிறுவனம் ஆசிரியர்களுக்கென நடத்தும் ‘டாய்ச் லேரன் லேர்னன்’ பயிற்சியின் கட்டணத்தையும் மையமே ஏற்கலாம். படித்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் சி1 முடித்தவர் உங்களிடம் இரண்டு பி2 வகுப்புகளை நடத்தினாலே, வெளியூர் ஆசிரியருக்கு இணையவழி வகுப்புக்காகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மிச்சமாகும்.

இவ்வளவு செய்தும் சிலர் போகத்தான் செய்வார்கள். வேலையில் சேரும்போதே ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: தொடங்கிய நிலையை முடித்துக் கொடுத்துவிட்டே விலக வேண்டும், விசா நேர்காணல் தேதி வந்தவுடன் தெரிவிக்க வேண்டும். பதிலுக்கு, வகுப்பு முடியும் நாளில் அனுபவச் சான்றிதழும் நிலுவைச் சம்பளமும் அவர் கைக்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு துணை ஆசிரியர் உட்கார்ந்து, தாள் திருத்துவதில் பாதியை ஏற்றுக்கொண்டால், மாற்றம் வரும்போது மாணவர்களுக்குப் புதிய முகமாக இருக்காது. இப்போது உங்கள் பி1 வகுப்பை எடுப்பவர் விசாவுக்குக் காத்திருப்பவர் என்றால், துணை ஆசிரியரைத் தேடும் வேலையை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.