கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது? சேலத்துக்காரர்கள் கேட்டவை

பயணக் கப்பல்களின் டைனிங் ஹாலில் பரிமாறும் வேலை பார்த்தவன் நான். இப்போது சேலத்தில் இருக்கிறேன். உடையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். விசா, டிக்கெட் விலை எல்லாம் ஏஜென்டிடம்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து: ஏழு இரவுப் பயணம். ‘ரெண்டு நாள் ஃபார்மல் நைட், கோட்டு கட்டாயம்’ என்று ஏஜென்ட் பயமுறுத்துகிறார். புதிதாகத் தைக்கவா?

தைக்காதீர்கள். ஃபார்மல் நைட் என்றால் எல்லோரும் விசேஷ உடையில் சாப்பிட வரும் இரவு, அவ்வளவுதான். முதலில் எந்தக் கம்பெனிக் கப்பல் என்று பாருங்கள். எல்லாக் கப்பலுக்கும் ஒரே சட்டம் கிடையாது. குனார்டு என்ற கம்பெனியின் கப்பல்கள்தான் இதில் கறார். அவர்களுடைய குயீன் மேரி 2 கப்பல் இங்கிலாந்திலிருந்து நியூயார்க் போகும் ஏழு இரவில் வழக்கமாக இரண்டு ‘காலா ஈவ்னிங்’ வரும். ஃபார்மல் நைட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டின்னர் ஜாக்கெட்டோ (டக்ஸீடோ என்பதும் இதைத்தான்), கருப்பு அல்லது அடர்நிற சூட்டும் டையுமோ போட வேண்டும். நார்வீஜியன் கம்பெனி இதற்கு நேர் எதிர். 2000இலேயே கட்டாய ஃபார்மல் நைட்டை எடுத்துவிட்டார்கள். செலிபிரிட்டி கம்பெனி 2015இல் ‘ஃபார்மல்’ என்ற பெயரையே மாற்றி ‘ஈவ்னிங் சிக்’ ஆக்கிவிட்டது. அதில் டை கட்டாயமில்லை. ராயல் கரீபியனில் ஃபார்மல் இரவு உண்டு. ஆனால் நல்ல சட்டை பேண்டோடு வருகிறவர்களும் நிறைய.

இன்னொன்று. இந்தக் கெடுபிடி முக்கியமாக டைனிங் ஹாலுக்குத்தான். கோட்டு பிடிக்காதவர் பஃபேக்குப் போகலாம், கேபினுக்கே சாப்பாடு வரவழைக்கலாம். குயீன் மேரியில்கூட அன்று கிங்ஸ் கோர்ட் பஃபேயிலும் கோல்டன் லயன் பப்பிலும் சாதாரண உடையில் உட்காரலாம். பட்டினி போட மாட்டார்கள்.

ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு பீரோவில் இருக்குமே, அது போதும். ஜரிகை மின்னும் மெரூன் கோட்டாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கடைசியாக, இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போகாதீர்கள். தீ பயத்தால் கேபினில் அதற்குத் தடை. ஏறும்போதே ஸ்கேனில் பார்த்து வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இளம்பிள்ளையிலிருந்து: பெண்களுக்குக் கவுன்தான் வேண்டுமா அண்ணா? எனக்குச் சேலைதான் வரும்.

சேலை எந்த ஃபார்மல் இரவுக்கும் போதும் அம்மா. உங்கள் ஊர்ச் சேலையே கட்டுங்கள். ஹாலில் ஏசி குளிரும், பட்டாக இருந்தால் உங்களுக்குத்தான் நல்லது. கொசுவத்துக்கு இரண்டு பின் கூடுதலாகக் குத்துங்கள், கப்பல் ஆடும். வேலைப்பாடுள்ள சுடிதாரும் சரி.

ஆத்தூரிலிருந்து: குட்டி டிராவல் அயர்ன் கொண்டு போகலாமா?

மேலே சொன்னேன். கூடாது. ஆவியில் சுருக்கம் எடுக்கும் ஸ்டீமரையும் பெரும்பாலும் விடுவதில்லை.

அம்மாபேட்டையிலிருந்து: நாங்கள் நெசவுக் குடும்பம். வெண்பட்டு வேட்டி, சட்டை, அங்கவஸ்திரத்தோடு போனால் உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். குனார்டின் விதியிலேயே ஃபார்மல் தேசிய உடை ஏற்கப்படும் என்று இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் என்ற அவர்கள் ஊர்ப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முழுக்கைச் சட்டை போடுங்கள். காலுக்கு நல்ல தோல் செருப்பு. ரப்பர் செருப்போடு போனால் கடற்கரைக்குக் கிளம்பியவர் மாதிரி இருக்கும், வாசலிலேயே பேச்சு வரும்.

அஸ்தம்பட்டியிலிருந்து, குறுக்கே: சும்மா ஆசை காட்டாதீர்கள் சார். தேசிய உடை என்றால் கப்பல்காரன் நினைப்பது ஷெர்வானியை. வாசலில் நிற்கிறவனுக்கு வேட்டியும் துண்டும் ஒன்றுதான். குடும்பத்தோடு போய் அசிங்கப்படணுமா?

அம்மாபேட்டை: வேட்டிக்குச் சட்டமே இருக்கிறதே, தெரியாதா?

அந்தச் சட்டம் இங்கே உதவாது தம்பி. 2014இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டிய நீதிபதியை உள்ளே விடவில்லை. சட்டசபை அதே ஆண்டு சட்டம் போட்டது. வேட்டிக்காகத் தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அது தமிழ்நாட்டு மனமகிழ் மன்றங்களுக்கும் அதுபோன்ற இடங்களுக்கும்தான். வேறு நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் அதைக் காட்டி வாதாட முடியாது.

அஸ்தம்பட்டிக்காரர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. வாசலில் இருப்பவர் எந்த ஊர்க்காரர் என்று சொல்ல முடியாது. அதனால் முன்பதிவு செய்யும்போதே போட்டோவோடு கம்பெனிக்கு மெயில் போட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பயந்துகொண்டு வேட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒழுங்காகக் கட்டிய வெண்பட்டுக்கு முன்னால் வாடகை டக்ஸீடோ நிற்காது.

ஏற்காட்டிலிருந்து: துரைமார் போய் எவ்வளவு காலம் ஆச்சு, இன்னும் சோறு தின்னக் கோட்டா? இங்கே மலைக் குளிருக்கே நாங்கள் ஸ்வெட்டர்தான்.

அந்தக் கோபம் இருந்தால் நார்வீஜியனில் போங்கள். விரும்பி அலங்கரித்துக்கொண்டு வருகிறவர்களும் காசு கொடுத்துத்தானே வருகிறார்கள்?

அஸ்தம்பட்டி: அப்போ வேட்டி அவிழ்ந்தால்?

ஒட்டிக்கோ வேட்டி, இல்லையென்றால் பெல்ட். வேட்டி விவகாரம் இத்தோடு முடிந்தது. அடுத்து.

கொண்டலாம்பட்டியிலிருந்து: சென்னையிலிருந்து இலங்கை போகும் கப்பலுக்கும் கோட்டா?

வேண்டாம். காலர் வைத்த சட்டை, பேண்ட், ஷூ. டைனிங் ஹாலுக்கு அரை டிரவுசர், பனியன் மட்டும் வேண்டாம்.

ஓமலூரிலிருந்து: முதல் நாளே ஃபார்மல் நைட் வருமா?

பொதுவாக வராது. பெட்டிகள் கேபினுக்கு வந்து சேரவே சாயங்காலம் ஆகிவிடும் என்று அவர்களுக்கே தெரியும். அதனால் முதல் ராத்திரிக்கான ஒரு செட்டைக் கைப்பையில் வையுங்கள். பெரும்பாலும் கப்பல் கரை தொடாமல் ஓடும் நாளில்தான் ஃபார்மல் வைப்பார்கள்.

மேட்டூரிலிருந்து: கடல் மயக்கத்துக்கு எந்த மாத்திரை?

டாக்டரிடம் கேளுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து: சட்டை கசங்கினால் என்ன செய்வது? இஸ்திரிப் பெட்டி…

இல்லை, இல்லை, இல்லை. குனார்டு கப்பல்களில் பயணிகளே தேய்த்துக்கொள்ளும் அறை இருக்கிறது. ராயல் கரீபியனில் அது கிடையாது, காசு கொடுத்துத் தேய்க்கக் கொடுக்கலாம். காசு மிச்சம் பிடிக்க, குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு ஆவியில் சட்டையைத் தொங்கவிடுங்கள். முக்கால்வாசிச் சுருக்கம் போய்விடும்.

நாமக்கல்லிலிருந்து: ஃபார்மல் நைட்டில் போட்டோ எடுப்பார்களாமே, அதற்குத் தனிக் காசா?

எடுப்பதற்குக் காசு இல்லை, வாங்கினால்தான். பிரிண்ட் விலை கேட்டால் தலை சுற்றும். வரிசையில் நின்று ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பிடித்தால் மட்டும் வாங்குங்கள். மாடிப்படி ஓரமாக நின்று வீட்டுக்காரரின் செல்போனில் எடுப்பதை யாரும் தடுப்பதில்லை.