மாந்திரீகத்தின் வரலாறு: எதிலிருந்து தொடங்கலாம்?

வணக்கம். வெள்ளவத்தைக் கடைகளில் மந்திரக் கையேடுகள்தான் கிடைக்கின்றன, எனக்குச் செய்முறை வேண்டாம், வரலாறு வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள்.

ஐரோப்பாவுக்கு கீத் தோமஸின் 'ரிலிஜன் அன்ட் த டிக்ளைன் ஒஃப் மஜிக்' (1971) போதும். 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் களவுபோன பொருளைத் தேடவும் நோய் தீரவும் சனங்கள் யாரிடம் போனார்கள் என்பதை அக்கால ஆவணங்களைத் துருவி எழுதியிருக்கிறார். தடித்த புத்தகம். சோதிடப் பகுதியில் தொடங்கினால் கீழே வைக்க மனம் வராது. மறுமலர்ச்சிக்கால மாந்திரீகத்தைப் பற்றி எழுதிய பிரான்சிஸ் யேட்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவருடைய பெரிய முடிவுகள் சிலவற்றைப் பின்வந்தவர்கள் மறுத்துவிட்டார்கள்.

ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு ஐரோப்பாவோடு நிறுத்திவிடாதீர்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் சிலையாக நிற்கிறாரே அமெரிக்கர் ஒல்கொட், அவர் ஆவிகள் தோன்றுவதாகச் சொல்லப்பட்ட ஒரு பண்ணைவீட்டைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போன இடத்தில்தான் ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ரஷ்யப் பெண்மணி பிளவாட்ஸ்கியைச் சந்தித்தார். 1875இல் நியூயோர்க்கில், மறைஞானத்தை ஆராயும் பிரம்மஞான சபையை அவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார்கள். 1880இல் இருவரும் காலியில் வந்திறங்கிப் பஞ்சசீலம் எடுத்துப் பௌத்தரானார்கள். 1886இல் கொழும்பில் ஆனந்தா கல்லூரி என்ற பௌத்தப் பள்ளி உருவானதும் அந்த வழியில்தான். நம் நகரத்தின் பள்ளிக்கூட வரலாற்றுக்குள்ளேயே இந்த விஷயம் இருக்கிறது!

எனக்கு மிகவும் பிடித்தது இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகரவின் 'மெடூசாஸ் ஹெயார்' (1981). கதிர்காமத்தில் சடைவிழுந்து சாமியாடும் பெண்களின் வாழ்க்கையை, அவர்களை ஏளனம் செய்யாமல் கேட்டு எழுதியது. சின்னப் புத்தகம், அதனால் உங்களுக்கு இதையே முதலில் சொல்வேன். தென்னிலங்கைப் பேயோட்டும் சடங்குகளுக்கு மானிடவியலாளர் புரூஸ் கப்ஃபெரரின் எழுத்து இருக்கிறது, கொஞ்சம் கடினமான நடை. வாங்குவதற்கு முன் பொது நூலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.