தண்ணீரில் உள்ள பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்களை நீக்கினால் போதாதா, அழிக்கவும் வேண்டுமா?

கருவி விற்க வந்த யாரோ "99 சதவீதம் போய்விடும்" என்று சொல்லி, அதில் மனம் ஒப்பாமல்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கே போய்விடும் என்று அவரிடம் கேளுங்கள்.

பிஎஃப்ஏஎஸ் என்பவை கார்பன் சங்கிலியில் ஃபுளூரின் அணுக்கள் ஒட்டிய, மனிதர் தயாரித்த ரசாயனங்கள். கார்பனும் ஃபுளூரினும் சேரும் பிணைப்பு, கரிம வேதியியலிலேயே மிக வலுவான ஒற்றைப் பிணைப்புகளில் ஒன்று. அதனால்தான் பிஎஃப்ஏஎஸ் அசைந்து கொடுப்பதில்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும். கார்பன் வடிகட்டி, பிஎஃப்ஏஎஸ் குடும்பத்தில் எட்டு கார்பன் கொண்ட பிஎஃப்ஓஏ போன்றவற்றை நன்றாகப் பிடிக்கும். நான்கு கார்பன் உள்ளவை சீக்கிரமே நழுவி வெளியே வந்துவிடும். ஆர்.ஓ. பெரும்பாலானவற்றைத் தடுக்கும், ஆனால் தடுத்ததெல்லாம் அதன் கழிவுநீரில் செறிந்து நிற்கும். ரசாயனம் இடம் மாறியதே தவிர, அழியவில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் இவற்றை மின்வேதி முறையில், அதாவது தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி உடைக்கும் ஒரு சோதனையில் வேலை பார்த்தேன். போரான் கலந்த வைர மின்முனை, சின்னத் தொட்டி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் பிஎஃப்ஓஏ. ஆறு மணி நேரத்தில் பிஎஃப்ஓஏ கருவிக்கே தென்படாத அளவுக்குக் குறைந்தது. "முழுமையாக அழிக்கப்பட்டது" என்று அறிக்கையின் முதல் வரியை எழுதியது நான்தான்.

நாங்கள் அக்கா என்று கூப்பிடும் ஆய்வக உதவியாளர் அதைப் படித்துவிட்டு, "ஃபுளூரைடு எவ்வளவு வந்தது தம்பி?" என்று கேட்டார். யாரும் அளக்கவில்லை. பிஎஃப்ஓஏவின் எடையில் சுமார் 69 சதவீதம் ஃபுளூரின். முழுவதும் உடைந்திருந்தால் அது பிரிந்து லிட்டருக்கு 34 மில்லிகிராம் ஃபுளூரைடு வந்திருக்க வேண்டும். அளந்தால் 15 கூட இல்லை. அப்புறம் தேடியபோது, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு கார்பன் துண்டுகள் அதே தண்ணீரில் இருந்தன. நாங்கள் பிஎஃப்ஓஏவை மட்டும் தேடியதால் அவை கண்ணில் படவில்லை. தண்ணீரில் இருந்த குளோரைடு வேறு பெர்குளோரேட்டாக மாறியிருந்தது. அதுவும் குடிநீரில் இருக்கக் கூடாத பொருள்.

ஃபுளூரைடு கொஞ்சம் ஆவியாகப் போயிருக்கலாமே என்று இங்கே யாராவது சொல்வார்கள். போயிருக்கலாம், ஆனால் பாதிக்கு மேல் காணாமல் போனதற்கு அது மட்டும் காரணமாகாது. மின்வேதி முறையே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. நேரத்தைக் கூட்டி ஓட்டியபோது ஃபுளூரைடு கணக்கு நன்றாகவே நெருங்கி வந்தது. மின்சாரம் மட்டும் எக்கச்சக்கமாகச் செலவானது.

இறுதி அறிக்கையில் அக்காவின் பெயர் வரவில்லை. டெஃப்ளானும் ஃபுளூரின் சேர்ந்த பொருள் என்பதால், டெஃப்ளான் மூடி போட்ட புட்டியில் மாதிரி எடுத்தால் அதிலிருந்தே மாசு சேரலாம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். பட்டம் இல்லை என்று பெயரை எடுத்துவிட்டார்கள். நான் இரண்டு முறை கேட்டேன், மூன்றாவது முறை கேட்டிருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது அவரை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் வேண்டும், அதுவும் அந்த வரிசையில்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் குடிநீரில் பிஎஃப்ஓஏவுக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். இவ்வளவு நீர்த்துக் கிடப்பதை அழிக்க மொத்தத் தண்ணீரையும் சூடாக்குவது வீண். முதலில் ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளிலோ ஆர்.ஓ.விலோ செறிவாக்க வேண்டும். மாசு அதிகமுள்ள நீரில் காற்றுக் குமிழ் விட்டும் இதைச் செய்யலாம்: இவற்றில் பல சோப்பைப் போலக் குமிழின் மேல் ஏறிக்கொள்ளும், நுரையை வழித்தெடுத்துவிடலாம். அப்படிக் கிடைக்கும் சின்ன அளவுத் திரவத்தை 374 டிகிரி செல்சியஸுக்கும் 221 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய், ஆக்சிஜன் சேர்த்து உடைக்கலாம். அந்த நிலையிலும் வெளியே வரும் ஃபுளூரைடை அளந்தே ஆக வேண்டும். அப்போது உண்டாகும் அமிலம் உலோகத்தை அரிக்கும் என்பதால் கலன் பராமரிப்பும் சுலபமில்லை.

உங்களிடம் வருபவர் வடிகட்டி மட்டும் விற்கிறார் என்றால், வடிகட்டியில் தீர்ந்துபோன கார்பன் எங்கே போகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். உலைக்குப் போகிறது என்றால் எத்தனை டிகிரியில் எரிக்கிறார்கள், புகையில் என்ன அளக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வெப்பம் போதாவிட்டால் குட்டைத் துண்டுகள் புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும்.