புற ஊதா விளக்கை நம்பி மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: மகள் பிளஸ் டூவில் உயிரியல்–கணிதப் பிரிவு. நல்ல கட்-ஆஃப். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிடும். அவளோ, ஊர்க் குடிநீரைப் புற ஊதாக் கதிரால் சுத்திகரிக்கும் துறைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வீடு வீடாக ஃபில்டர் மாட்டவா இன்ஜினீயரிங் என்று அவள் அம்மா அழுகிறார். என்ன செய்வது?
— ஒரு தந்தை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முதலில் அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். நியூயார்க் நகரத்துக்குப் போகும் குடிநீரின் பெரும்பகுதி, 2013 முதல், வெஸ்ட்செஸ்டர் வட்டாரத்தில் ஒரே நிலையத்தில் நிற்கும் 56 புற ஊதாக் கலங்களைக் கடந்துதான் போகிறது. நாளொன்றுக்கு 200 கோடி கேலனுக்கு மேல் தாங்கும் நிலையம் அது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் நான்கு லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளிய கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு மசியாது. குறைந்த அளவு புற ஊதாக் கதிருக்கே அது அடங்கிவிடும் என்பது 1990களின் இறுதியில் தெளிவானது. இத்துறைக்கு மவுசு கூடியது அதன் பிறகுதான்.

இனி மகளும் கேட்க வேண்டியது. நம் ஊர்க் குடிநீர்த் திட்டங்களில் இன்றும் குளோரின்தான். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கதிரின் வேலை, தண்ணீர் விளக்கைக் கடக்கும் சில நொடிகளோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் குழாயில் விரிசல் விட்டுச் சாக்கடை கலந்தால் தடுக்க எதுவும் இராது. குளோரின் தண்ணீரோடு கூடவே போகும். குளோரின் கலந்த நீர் என்றால் நுகர்வோர் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆகவே நம் பக்கத்தில் புற ஊதா சார்ந்த வேலைகளைக் கேன் தண்ணீர் ஆலைகளிலும், மருந்து, குளிர்பானத் தொழிற்சாலைகளிலும், கருவி செய்து விற்கும் நிறுவனங்களிலும்தான் அதிகம் தேட வேண்டும். தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலைக்கு ஈடாகாது. அதை மறைத்து உங்களிடம் பேச எனக்கு விருப்பமில்லை.

இந்த வேலையில் நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்? குவார்ட்ஸ் கண்ணாடி உறைக்குள் பாதரச விளக்கு எரியும். அதன் 254 நானோமீட்டர் கதிர் கிருமியின் மரபணு இழையைச் சிதைத்து, அது பெருகாமல் செய்துவிடும். சொல்லும்போது எளிதுதான். தண்ணீரில் இரும்போ சுண்ணாம்போ இருந்தால் உறையின்மேல் பழுப்பாக, வெள்ளையாக ஒரு படலம் ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் விளக்கு பளிச்சென்றுதான் தெரியும், ஆனால் கதிரை அளக்கும் உணரி காட்டும் அளவு இறங்கிக்கொண்டே வரும். உறையைக் கழற்றி சிட்ரிக் அமிலத்தில் கழுவி மாட்டினால் அளவு மேலேறும். ஆண்டு முழுக்க அணையாமல் எரிந்தால் 8,760 மணி நேரம். பல விளக்குகளின் புற ஊதா வீச்சு அதற்குச் சற்று முன்னோ பின்னோ ஓய்ந்துவிடும், ஓய்ந்தபின்னும் விளக்கு எரியும். விளக்கு எரிகிறதே என்று நம்பி உட்கார்ந்திருப்பவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

கணக்கும் உண்டு. குடிநீருக்குப் பரவலாக வைக்கும் கதிரளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல். அடினோ வைரஸை 99.99 விழுக்காடு செயலிழக்கச் செய்ய, அமெரிக்க விதிப்படி 186 வேண்டும். கலங்கல் நீரில் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும். கலத்துக்குள் ஒரு பகுதி நீர் குறுக்கு வழியில் வேகமாகக் கடந்துவிட்டாலும் அப்படித்தான். ஆக, ஒளியியல், நுண்ணுயிரியல், நீரோட்டவியல், மின்சாரம் நான்கும் இங்கே ஒன்றாக வேண்டும். உயிரியல்–கணிதம் படித்த பெண்ணுக்கு இது பொருந்தி வருவதில் வியப்பில்லை.

அசோக் காட்கிலைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். மும்பையிலும் கான்பூர் ஐஐடியிலும் இயற்பியல் படித்து அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்துக்குப் போனவர். 1992இல் மதராஸில் முதலில் கண்டறியப்பட்ட ஓ139 என்ற புதுவகைக் காலரா இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பரவியதைப் பார்த்துத்தான், கிராமங்களுக்கான மலிவான புற ஊதாக் கருவியில் இறங்கினார். விளக்கைத் தண்ணீருக்குள் வைக்காமல் மேலே தொங்கவிட்டார். நான் மேலே சொன்ன படலத் தொல்லை அதோடு போயிற்று. அவர் பட்டத்தில் எங்கும் குடிநீர் என்ற சொல் இல்லை என்பதைத்தான் நான் பெற்றோரிடம் சுட்டிக்காட்டுவேன்.

அதனால் இளநிலையிலேயே 'புற ஊதா', 'நீர்த் தொழில்நுட்பம்' என்று பளபளக்கும் பெயருள்ள படிப்பைத் தேடி அலையாதீர்கள். என் கணிப்பில் சிவில்தான் முதல் தேர்வு, அடுத்தது கெமிக்கல். குடிநீர் வடிகால் வாரியம் போன்ற அரசுப் பணிகளுக்குச் சிவில் பட்டம் கைகொடுக்கும். முதுநிலையில் சுற்றுச்சூழல் பொறியியலுக்கு மாறிக்கொள்ளலாம். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐஐடியிலும் அந்த வழி இருக்கிறது. முதுநிலைப் பொறியியலுக்கான கேட் நுழைவுத் தேர்விலும் 2021 முதல் சுற்றுச்சூழலுக்குத் தனித்தாள் வந்துவிட்டது. பொறியியலே வேண்டாம் என்றால் பி.எஸ்சி. வேதியியல் அல்லது நுண்ணுயிரியல் படித்துப் பரிசோதனைக்கூடம் வழியாக நுழையலாம். அங்கே பதவி உயர்வு மட்டும் மெதுவாகத்தான் வரும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை நிரப்புவதற்குள், உங்கள் மாவட்டத்தில் குடிநீர் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக்கூடம் எங்கே என்று விசாரித்து, அனுமதி கேட்டு, மகளை ஒருநாள் அங்கே உட்கார வையுங்கள். வரிசையாக வரும் பாட்டில்கள், கலங்கல் அளக்கும் கருவி, பதிவேட்டில் ஒரே மாதிரி நிரம்பும் எண்கள், எல்லாவற்றையும் பார்க்கட்டும். வீடு திரும்பியும் அதைப் பற்றியே பேசினால் சிவிலை முதல் வரியில் போடுங்கள். சலிப்போடு வந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸை மேலே ஏற்றுங்கள். பட்டியலைப் பூட்டும் கடைசி நாள்வரை வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.