அனுமதி வாங்காமல் பிறந்த இரண்டு படைப்புகள்

கேள்வி: எதிர்பாராத இடத்தில், “இதைப் போய் யார் உட்கார்ந்து செய்தார்கள்?” என்று கேட்க வைத்த விசித்திரமான கலைப்படைப்பு எதையாவது பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். அதற்கு முன், மாமல்லபுரத்துத் தவசிப் பூனையை ஏன் சொல்லவில்லை என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். அர்ச்சுனன் தபசு பாறையில் பெரிய யானைக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் அந்தப் பூனையும், அதைச் சுற்றியிருக்கும் எலிகளும் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் அது பல்லவ அரசன் செய்யச் சொல்லிச் செய்த வேலை. யாரும் கேட்காத இடத்தில், யாரிடமும் கேட்காமல் ஒருவர் செய்துவைத்துவிட்டுப் போவது வேறு ரகம். அப்படி நான் பார்த்தவை இரண்டு.

முதலாவது லண்டனில். தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது தேம்ஸ் மேல் உள்ள மில்லேனியம் பாலத்தில் நடந்துகொண்டிருந்தோம். பாலத்தின் ஒரு முனையில் டேட் மாடர்ன் கலைக்கூடம், மறுமுனைக்கு நேரே செயின்ட் பால்ஸ் தேவாலயம். எல்லோரும் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, தங்கை மட்டும் தரையைப் பார்க்கச் சொன்னாள். பாலத்தின் உலோகத் தரையில், யாரோ மென்று துப்பி, மிதிபட்டு ஒட்டிக்கிடந்த சூயிங்கம்மில் ஒரு முழு ஓவியம். அளவு கட்டைவிரல் நுனிக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்குள் வீடு, மரம், ஒரு பெயர், ஒரு தேதி.

வரைபவர் பென் வில்சன். மரச்சிற்பியாக இருந்தவர், 2004 முதல் இதையே முழு வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறார். சின்ன பர்னரால் கம்மைச் சூடாக்கி இளக வைப்பார், மேலே எனாமல் பூசுவார், மிக மெல்லிய தூரிகையால் வரைவார், கடைசியில் வார்னிஷ். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டுதான் வேலை. போகிறவர் வருகிறவர் கேட்டால் அவர்கள் பெயரையும் வரைந்து தருவார். லண்டன் முழுக்க ஆயிரக்கணக்கில் வரைந்துவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதிலுள்ள சட்டச் சிக்கல்தான். நடைபாதையில் வரைந்தால் பொதுச்சொத்துக்குச் சேதம் என்று வழக்குப் போடலாம். போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனதும் உண்டு. ஆனால் அவர் நடைபாதையில் வரையவில்லையே, சூயிங்கம்மில்தானே வரைகிறார்! அது ஏற்கெனவே குப்பை. துப்பியவர் வந்து “என்னுடையது” என்று உரிமை கோரப் போவதில்லை. வழக்கு நிற்கவில்லை.

இரண்டாவதோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம். உடைசலிலும் குப்பையிலும் செய்த சிலைகளின் பூங்காவான சண்டிகர் ராக் கார்டன் பெயரைக் கேட்டதும் “அது டூரிஸ்ட் இடம்தானே, இதில் எதிர்பாராதது என்ன?” என்று தோன்றும். வேலை விஷயமாகச் சண்டிகர் போனபோது நானும் அப்படி நினைத்துத்தான் டிக்கெட் வாங்கினேன். அது உருவான கதை தெரிந்தால்தான் அதன் முழு விசித்திரமும் புரியும்.

அதை உருவாக்கிய நேக் சந்த் பொதுப்பணித்துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். 1924இல் இன்றைய பாகிஸ்தான் பக்கம் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்து, பிரிவினையின்போது எல்லை தாண்டி வந்தவர். அப்போது கட்டடக் கலைஞர் லெ கோர்பூசியேயின் திட்டப்படி சண்டிகர் எழும்பிக்கொண்டிருந்தது. செக்டர் செக்டராக, அளவுகோல் வைத்துக் கோடு போட்ட நகரம். அந்த நகரத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களை இடித்தார்கள். இடித்த வீடுகளின் உடைந்த ஓடு, பானை, பீங்கான், வளையல் எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன. 1957 வாக்கில் நேக் சந்த் அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தார். ஆற்றோரங்களிலிருந்து பறவை போல, மனிதர் போலத் தோன்றும் கற்களையும் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், யாரும் எதுவும் கட்டக் கூடாது என்று ஒதுக்கிவைத்திருந்த காட்டுப் பள்ளத்தில் அவற்றைச் சேர்த்தார். பகலில் அரசு வேலை, இரவில் இந்த வேலை. வெளிச்சத்துக்குப் பழைய டயரைக் கொளுத்திக்கொள்வாராம்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அப்பட்டமான அரசு நில ஆக்கிரமிப்பு. அதுவும் அரசு ஊழியரே செய்தது. சுமார் பதினெட்டு வருடம் அதிகாரிகள் கண்ணில் படவில்லை! 1975இல் கண்டுபிடித்தபோது அங்கே ஏறக்குறைய 12 ஏக்கரில் முற்றம் முற்றமாக நூற்றுக்கணக்கான சிலைகள் நின்றன. விதிப்படி இடித்திருக்க வேண்டும், அவருக்கு வேலை போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். 1976இல் அரசே அதைத் திறந்துவைத்தது. அவருக்குச் சம்பளம், ஐம்பது வேலையாட்கள், கூடவே “துணைக்கோட்டப் பொறியாளர், ராக் கார்டன்” என்று ஒரு பதவி. அரசாங்கக் கோப்பில் இப்படி ஒரு பதவியை எழுதிய கை யாருடையதோ, அவரும் ஒரு கலைஞர்தான் என்பேன். 1983இல் அஞ்சல்தலை வந்தது, 1984இல் பத்மஸ்ரீ.

சிலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் மகா சிற்பம் என்று சொல்ல மாட்டேன். சைக்கிள் ஃபிரேமையும் இரும்புக் கம்பியையும் எலும்பாக வைத்து, மேலே சிமெண்ட் பூசி, காய்வதற்குள் வளையல் துண்டையோ பீங்கான் சில்லையோ பதித்திருக்கிறார். முகங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான். ஆனால் ஒரே மாதிரி முகத்தோடு நூறு பேர், ரேஷன் கடை வரிசை போல அலுப்பும் பொறுமையுமாக நின்று நம்மையே பார்க்கும்போது, பார்க்க வந்தது நாமா அவர்களா என்று ஆகிவிடுகிறது. மனிதர்கள், குரங்குகள், பறவைகள், நடனப் பெண்கள் என்று வரிசை வரிசையாக. வளையல் துண்டுப் பெண்கள் மேல் வெயில் படும்போது பாருங்கள், சிவப்பும் பச்சையும் மினுங்கும். ஒரு சுவர் முழுக்க மின்சாரப் பீங்கான் கட்டைகள். இன்னொரு சுவர், தார் டிரம்மில் சிமெண்டை ஊற்றி இறுகவிட்டு எடுத்த உருளைகள். ஒரு நகரம் கட்டியபோது மிஞ்சிய, உடைந்த சாமான்களில் இன்னொரு ஊரே கட்டியிருக்கிறார்.

சட்டத்தோடு அதற்கு இருந்த தகராறு மட்டும் முடியவில்லை. 1990 வாக்கில் ரோடு போட புல்டோசர் வந்தது. ஊர் மக்கள் கைகோத்து நின்று மறித்தார்கள். 1996இல் நேக் சந்த் வெளிநாடு போயிருந்த சமயம் யாரோ புகுந்து சிலைகளை உடைத்தார்கள். அவர் 2015இல் தொண்ணூறு வயதில் காலமானார். 2025இல், பக்கத்தில் உள்ள உயர்நீதிமன்றப் பகுதியின் சாலைக்காகவும் வாகன நிறுத்தத்துக்காகவும் ராக் கார்டன் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். எதிர்ப்பு இருந்தும் நிற்கவில்லை. அந்த உயர்நீதிமன்றம் கோர்பூசியே வடிவமைத்தது, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இருக்கிறது. அதன் மேல் கை வைக்க யாருக்கும் தைரியம் வராது. அனுமதி இல்லாமல் பிறந்ததற்கு எத்தனை பத்மஸ்ரீ கொடுத்தாலும் பட்டா கிடைப்பதில்லை போல. எனக்கு இதில் கோபம்தான்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: பெரிய ஊஞ்சல்கள் இருக்கும் மூன்றாவது பகுதியில் எப்போதும் கூட்டமும் செல்ஃபியும்தான். பழைய பகுதிகளுக்கே அதிக நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நிறைய வாசல்கள் வேண்டுமென்றே உயரம் குறைத்துக் கட்டியவை. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தலை குனிந்துதான் உள்ளே வரவேண்டும் என்பது அவர் எண்ணம். பேசிக்கொண்டே நடந்தால் நெற்றியில் இடிபடும்.